தோல் தின்ற தொட்டி

நீலச் சுடர் ஒருமுறை துடித்தது, ஒருமுறை இருமியது, பிறகு அணைந்து போயிற்று. அடுப்பின்மேல் இருந்த பால் வெதுவெதுப்போடு நின்றுவிட்டது.

"ஏங்க! உங்க தொட்டி மறுபடியும் படுத்துடுச்சு," என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள் பானுமதி.

ஹரிஹரசுதன் கொல்லைப்புறத்துக்கு விரைந்தார். காய்கறிக் கழிவைத் தின்று அடுப்புக்கு எரிவாயு தரவேண்டிய அந்தக் கறுப்புத் தொட்டி, வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், மூடி தாழ்ந்து கிடந்தது. வாயு நிறைந்தால் மூடி உயரும், குறைந்தால் இறங்கும். இன்று அது தரை தட்டியிருந்தது.

"பசி, பானு. தீனி போதலை."

"எனக்குந்தான் பசிக்குது. காப்பி எப்போ வரும்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்லுங்க."

ரயில்வே கிடங்கில் பொருள்களை அதனதன் இடத்தில் வைத்தே தலை நரைத்தவர் ஹரிஹரசுதன். ஓய்வு பெற்றதும், திருவரங்கத்தில் தாம் வாழும் தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரானார். பூமியைத் தோண்டி எடுக்கும் எரிபொருளைத் தம் வீட்டில் இனிக் கொளுத்துவதில்லை என்று முடிவு செய்தவர், சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அத்தோடு விட்டாரா என்றால், இல்லை. ஆடிப் பெருக்கன்று தெருவாசிகள் அனைவரையும் அழைத்து, இந்த அடுப்பில் பால் காய்ச்சிக் காட்டுவதாகச் சங்கக் கூட்டத்தில் சொல் கொடுத்துவிட்டார். பால் பொங்கினால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தொட்டி. பொங்காவிட்டால்? அதைப் பற்றி அவர் நினைக்க விரும்பவில்லை. எதிர்வீட்டுப் பிரேமலதா மட்டும் அதை அடிக்கடி நினைவூட்டினாள்.

தொட்டி வருவதற்கு முன்பு, அந்த வீட்டுக் காய்கறித் தோலுக்கு உரிமையாளர் வேறொருவர் இருந்தார். வீரம்மாள் என்பவள் கொள்ளிடக் கரைப் பக்கம் ஒற்றை மாடு வைத்துத் தெருவுக்குப் பால் ஊற்றி வந்தாள். கறந்து முடித்ததும் அந்தச் செவலைப் பசு, செங்கமலம், தானே வீடு வீடாக வரும். இவர்கள் வாசலில் நின்று ஒரு குரல் கொடுக்கும். "வரேன், வரேன், கத்தாதே!" என்று அதட்டிக்கொண்டே ஹரிஹரசுதன் வாழைப்பழத் தோலோடு ஓடுவார். அதற்குக் கொடுக்காமல் பானுமதி ஒருநாளும் காப்பி குடித்ததில்லை.

அந்தப் பங்கு இப்போது தொட்டிக்குப் போயிற்று. அதுவும் போதாமல் தொட்டி படுத்துவிடவே, செயலாளர் ஓர் ஏற்பாடு செய்தார்: தெருவிலுள்ள எல்லா வீட்டுத் தோலும் இனித் தொட்டிக்கே. வீட்டுக்கொரு வாளி வழங்கப்பட்டது. தெருமுனையில் ஓர் அறிவிப்புப் பலகையும் எழுந்தது: 'காய்கறித் தோலை மாட்டுக்கு அளித்து வீணாக்காதீர்கள். தொட்டிக்கு அளியுங்கள்.'

அந்தப் பலகையில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. பிழை வேறிடத்தில் இருந்தது.

மறுநாள் வீரம்மாளே வந்து நின்றாள். பின்னால் செங்கமலம்.

"ஐயா, எந்த வீட்டுலயும் ஒண்ணும் கெடைக்கலைங்க. வெறும் வைக்கோலுக்கு இது வாயே தொறக்க மாட்டேங்குது."

"வீரம்மா, ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாதே. மாடு விடுற ஏப்பத்துல மீத்தேன்னு ஒரு வாயு இருக்கு. அது வானத்தைச் சூடாக்குது. அதே தோலைத் தொட்டியில போட்டா, அந்த வாயுவைப் பிடிச்சு அடுப்பு எரிக்கலாம்."

வீரம்மாள் மாட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏங்கய்யா, இது ஒண்ணு விடுற ஏப்பத்துலதான் திருச்சி வெயிலு இந்தக் கொளுத்துக் கொளுத்துதா? அப்ப கல்யாண மண்டபத்துலேருந்து வர்ற ஏப்பத்தையெல்லாம் யாரு பிடிக்கிறது?"

பானுமதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஹரிஹரசுதன் சிரிக்கவில்லை. கொள்கையுள்ளவர்கள் உரிய நேரத்தில் சிரிக்கத் தவறுவது வழக்கந்தான்.

சில நாள் செங்கமலம் வந்து வந்து நின்று பார்த்தது. பிறகு வரவில்லை. வீரம்மாளும் வரவில்லை.

"பாலக்கரையில மக வீட்டுக்குப் போயிட்டாளாம். பேரன் பொறந்திருக்கானாம்," என்றாள் பிரேமலதா.

மாடு எங்கே என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. பால் அன்றுமுதல் கடையிலிருந்து பாக்கெட்டில் வந்தது. எதையும் குப்பையில் எறியலாகாது என்பது செயலாளர் உத்தரவு. ஆகவே பானுமதி பால் கவர்களைக் கழுவித் துணிக்கொடியில் வரிசையாக மாட்டினாள். காற்றடித்தபோது அவை சிறகடித்தன. போவோர் வருவோர் அண்ணாந்து பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் போயினர்.

ஆனி கடைசியில் பிரேமலதா மகளுக்கு வளைகாப்பு நடந்தது. வளைகாப்பென்றால் கலந்த சாதங்கள். கலந்த சாதமென்றால் மீதியும் உண்டு. ஓர் அண்டா புளியோதரை, ஓர் அண்டா எலுமிச்சைச் சாதம், பிழிந்து போட்ட எலுமிச்சை மூடிகள், போதாக்குறைக்குத் தயிர்ச்சாதம்.

"அண்ணே, இதையும் தொட்டிக்கே கொடுத்துடலாமா?" என்று பிரேமலதா பணிவாகக் கேட்டாள்.

"தெருவை விட்டு ஒரு பருக்கைகூட வெளியே போகக் கூடாதும்மா," என்றார் ஹரிஹரசுதன்.

ஒரு பருக்கையும் போகவில்லை. வாடைதான் போயிற்று, அடுத்த தெருவரை போயிற்று.

தொட்டி விற்றவர்களின் சேவைப் பிரிவிலிருந்து சித்தார்த் என்ற இளைஞர் தொலைபேசியில் பேசினார். "சார், உள்ள இருக்கிற நுண்ணுயிருக்குப் புளிப்பு ஆகாது. அசிடிட்டி ஆயிடுச்சு. கொஞ்சம் சுண்ணாம்பு போடுங்க, தண்ணி ஊத்துங்க."

கொஞ்சம் என்பது எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. ஹரிஹரசுதன் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்லர். வீட்டுக்கு வெள்ளையடிக்க வாங்கி வைத்திருந்த சுண்ணாம்பு மூட்டை முழுவதும் உள்ளே போயிற்று. மோட்டார் முற்பகல் முழுதும் ஓடித் தண்ணீர் இறைத்தது. நண்பகலில் தொட்டி நுரை கக்கியது. நுரை கொல்லையைத் தாண்டிச் சாக்கடையில் இறங்கிப் பிரேமலதாவின் வாசற்கோலத்தைத் தொட்டது.

"அண்ணே! காவேரியில தண்ணி வரதுக்கு முன்னாடி உங்க வீட்டுலேருந்து பெருக்கு வந்துடுச்சு!"

சித்தார்த்தின் குரலில் இரக்கம் தெரிந்தது. "சார், எல்லாத்தையும் காலி பண்ணிடுங்க. மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். பச்சைச் சாணம் வேணும். நல்லாத் தின்ன நாட்டு மாட்டுச் சாணமா இருந்தா ஆடிப் பெருக்குக்குள்ள கேஸ் வந்துடும்."

பச்சைச் சாணம்! ஒரு காலத்தில் அது வாசலில் நாள்தோறும் இலவசமாக விழுந்தது. அதற்காக வீரம்மாளிடம் சங்கத்தின் சார்பில் இருமுறை கண்டனம் தெரிவித்தவரும் அவர்தாம்.

கொள்ளிடக் கரைக்குப் போய்ப் பார்த்தார். கொட்டகை பூட்டியிருந்தது. முளைக்குச்சி மட்டும் நின்றது. அதைச் சற்று நேரம் பார்த்தவர், காரணமறியாத ஒரு சங்கடத்தோடு திரும்பினார்.

கடைசியில், காந்தி மார்க்கெட்டுக்கு வாடகைக்கு ஓடும் பிச்சமுத்துவின் குட்டியானை வண்டியைப் பிடித்துக்கொண்டு ஜீயபுரம் புறப்பட்டார். அதே தெருவின் கோடியில் குடியிருப்பவன் பிச்சமுத்து. வண்டி வழிநெடுகக் கரும்புகை கக்கியது.

"சார், கேஸை மிச்சம் பிடிக்க டீசலை ஊத்துறோமே, கணக்கு சரியா வருமா?"

"நீ ரோட்டைப் பாருப்பா."

வாழைத் தோட்டத்தை ஒட்டிச் செல்லக்கண்ணு என்பவரின் மாட்டுக் கொட்டகை. மழை பெய்து வரப்பெல்லாம் சேறு. ஹரிஹரசுதன் வெள்ளை வேட்டியைக் கருதி வண்டியிலேயே இருந்தார். மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, அங்கிருந்தே உரத்த குரலில் ஆணையிட்டார்.

"பிச்சமுத்து, வைக்கோல் கலக்காம அள்ளச் சொல்லு!"

கொட்டகைக்குள் ஏதோ ஒரு மாடு கத்தியது. அவர் பேசப் பேச அதுவும் கத்தியது. பொறுத்துப் பார்த்தவர், பழக்கத்தில் அதட்டினார்:

"வரேன், வரேன், கத்தாதே!"

அது கயிறு தெறிக்குமளவுக்கு இன்னும் பலமாகக் கத்தியது. வண்டி கிளம்பி, வாய்க்கால் பாலம் தாண்டும்வரை அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

சாணம் உயர்ந்த சாணம் என்பதில் ஐயமில்லை. சில நாளில் மூடி அசைந்தது, பின் நிமிர்ந்தது, ஆடிப் பெருக்கன்று காலையில் ஆளுயரத்துக்கு எழுந்து நின்றது.

தெருவே திரண்டு வந்தது. பிரேமலதா, நடக்காது என்ற நம்பிக்கையோடு முன்வரிசையில் நின்றாள். ஹரிஹரசுதன் புதுவேட்டி சலசலக்க அடுப்பைப் பற்றவைத்தார். நீலச் சுடர் துடிக்கவில்லை, இருமவில்லை, பூத்தது. பாக்கெட்டைக் கத்தரித்துப் பாலை ஊற்றினாள் பானுமதி. பால் பொங்கி வழிந்தது. எல்லாரும் கை தட்டினர், பிரேமலதாவும் தட்டினாள். மூன்று வீட்டார் அங்கேயே தங்களுக்கும் தொட்டி வேண்டும் என்றனர். இத்தனை நாள் பட்ட அவமானமெல்லாம் அந்த நுரையோடு வழிந்து போவதாக ஹரிஹரசுதனுக்குத் தோன்றியது.

காப்பி எல்லாருக்கும் வந்தது. பானுமதி மட்டும் தன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் வாசலையே பார்த்தாள்.

"என்ன பானு, குடிக்கலையா?"

"பழக்க தோஷங்க. அதுக்குக் குடுக்காம இன்னும் எனக்கு இறங்க மாட்டேங்குது." பிறகு, கதவோரம் நின்று காப்பியை ஆற்றிக்கொண்டிருந்த பிச்சமுத்துவிடம் திரும்பினாள். "இவ்வளவு நல்லா எரியுதே, எந்த மாட்டுச் சாணம்ப்பா அது? இன்னிக்கு நல்ல நாளு. அதுக்கு ஒரு சீப்பு பழமாவது வாங்கிக் குடுத்தனுப்பணும்."

பிச்சமுத்து அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னம்மா, சார் ஒங்ககிட்ட சொல்லலையா? நம்ம செங்கமலந்தான். தீனிக்கு வழியில்லாம வீரம்மா ஜீயபுரத்துல வித்துட்டுல்ல போச்சு. அன்னிக்கு சார் கொரலைக் கேட்டதும், தோல் கொண்டாந்திருக்காருன்னுதான் அது அந்தக் கத்துக் கத்துச்சு."