மூணாம் கவுன்டரின் மாமனார்

வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு வருபவர்கள் ஊரெல்லாம் உண்டு. மாமனாரைக் கூட்டிக்கொண்டு வந்தவர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே மூணாம் கவுன்டர் அக்கா ஒருவர்தான்.

சிதம்பரத்தில் எங்கள் வங்கிக் கிளையில் நான் இரண்டாம் கவுன்டர். அக்காவுக்கும் ஒரு பெயர் இருந்தது, யாரும் பயன்படுத்தவில்லை. கணவர் துபாயில். மாமனார் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், நினைவு தப்பிப்போனவர். வீட்டில் தனியாக விட்டால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கிளம்பும் பஸ்ஸில் ஏறி எல்லோரிடமும் டிக்கெட் கேட்பார். ஒருமுறை ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து மீட்டு வந்தார்கள். சொந்தக்காரர்கள் கூடி, வேலையை விடு, இல்லையென்றால் அவரை உள்ளே வைத்துப் பூட்டு என்றார்கள்.

"வேலையையும் விடமாட்டேன், அவரையும் பூட்டமாட்டேன். யாருக்கு என்ன இப்ப?" என்றார் அக்கா. மறுநாள் காலை மாமா எங்கள் கிளையில் இருந்தார்.

கொஞ்ச நாள் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு வாசலருகே இருந்த டோக்கன் இயந்திரம் கண்ணில் பட்டது. சீட்டு வருகிறது, கூட்டம் நிற்கிறது. ஒரு கண்டக்டருக்கு வேறென்ன வேண்டும்?

"படியில நிக்காத! உள்ள போ, உள்ள போ! எங்க போவணும்?"

"பாஸ்புக் என்ட்ரி போடணும் மாமா."

"அங்கல்லாம் நிக்காது. அடுத்ததுல வா."

பாஸ்புக் இயந்திரம் அன்று உண்மையிலேயே பழுது. நாங்கள்தான் இன்னும் அறிவிப்பு ஒட்டவில்லை.

வாடிக்கையாளர்களும் பழகிவிட்டார்கள். "ஸ்ரீமுஷ்ணம் ஒண்ணு மாமா" என்று கை நீட்டி டோக்கன் வாங்கிக்கொள்வார்கள். கிளையில் வரிசை அவ்வளவு நேராக அதற்கு முன் நின்றதில்லை.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து ஊழியர் மகிழ்ச்சிக்குப் பயிற்சி கொடுக்க ஓர் அதிகாரி வந்தார். வேலைக்கு நடுவே வீட்டுத் தொந்தரவு எவ்வளவு, பத்துக்கு மார்க் போடுங்கள் என்றார்.

"பத்து" என்றார் அக்கா.

"மகிழ்ச்சி?"

"அதுவும் பத்து."

"ரெண்டும் பத்து வராது மேடம். ஒண்ணு ஏறினா இன்னொண்ணு எறங்கணும். ஆராய்ச்சி சொல்லுது."

"அந்த ஆராய்ச்சிய ஒரு வாரம் எங்க வீட்டுக்கு அனுப்புங்க சார், சோறு போட்டு அனுப்புறேன். தொந்தரவு ஜாஸ்திதான், யாரு இல்லேன்னா? அதுக்காக நான் அழுதுக்கிட்டே திரியணுமா?"

அதிகாரி போகும்போது மேலாளர் காதில் எதையோ போட்டுவிட்டுப் போனார். மாலையில் மேலாளர் அக்காவை அழைத்தார். நாளை முதல் ஹாலில் வாடிக்கையாளர் மட்டும்தான். மாமனார் வந்தால் உங்களைத் தூரத்துக் கிளைக்கு மாற்றச் சொல்லி எழுதிவிடுவேன் என்றார்.

விடிவதற்குள் செய்தி வாடிக்கையாளர்கள்வரை போய்விட்டது. மறுநாள் மேலாளரே வாசலில் நின்றார். அக்கா வழக்கம்போல மாமாவைக் கைபிடித்து அழைத்துவந்தார். மேலாளர் வாய் திறப்பதற்குள், பக்கத்துக் கிள்ளை ஊரிலிருந்து நகைக்கடனுக்கு வந்திருந்த மீன்காரம்மா முந்திக்கொண்டார்.

"எங்க மாமா சார். எனக்குத் துணைக்கு வந்துருக்காரு."

பின்னால் நின்ற கல்லூரிப் பையன், "எங்க மாமா சார்" என்றான்.

"அவுங்க ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க சார். அவரு எங்க மாமா" என்றார் ஜவுளிக்கடை பாய்.

மேலாளர் கடைசியில் மாமாவையே கேட்டார். "பெரியவரே, நீங்களே சொல்லுங்க. யாரு கூட வந்தீங்க?"

மாமா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "டூட்டில இருக்கறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது? படியில நிக்காதீங்க சார், உள்ள போங்க."

சொல்லிவிட்டு ஒரு டோக்கனைக் கிழித்து மேலாளர் கையில் வைத்தார். மேலாளர் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். மாற்றல் கடிதத்தை அவர் எழுதவே இல்லை.

பதவி உயர்வில் நான் கடலூர் வந்துவிட்டேன். தனி வீடு, தனிச் சமையல். போன மாதம் அதே அதிகாரி அதே கேள்விகளோடு இங்கே வந்தார். வீட்டுத் தொந்தரவு? பூஜ்யம் என்றேன். "சபாஷ்! மகிழ்ச்சி?" என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மாலையில் அக்காவுக்குப் போன் போட்டேன். "என்ன நம்பர்க்கா சொல்றது?"

"நம்பர் கெடக்குது. ஞாயித்துக்கெழம கெளம்பி வா. மாமா உன்னக் கேட்டுக்கிட்டே இருக்காரு."

மாமாவுக்குப் பெற்ற மகனின் பெயரே நினைவில்லை. என்னைக் கேட்டிருக்க வழியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன்.