பின்னுக்கு ஓடிய கப்பல்

1964ஆம் ஆண்டு ஆடி அமாவாசை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். வானத்தில் முகில் இல்லை. சோழகக் காற்று மெல்ல வீசியது. கீரிமலைக் கடலில், ஏறக்குறைய வலிகாமத்துச் சனம் முழுவதும் பார்த்து நிற்க, என் மாமாவின் வேட்டியை உரிந்தேன். கையால் அல்ல, மிஷினால்.

காரணம் சிவராசா. மாமாவின் இன்னொரு தங்கை மகன். எனக்கு நாற்பது நாள் இளையவன். பயணிகள் கப்பல் ஒன்றின் இயந்திர அறையில் வேலை. நான் புத்தூரில் கணக்கு வாத்தியார். மாமாவுக்கு ஒரே மகள், பத்மாவதி. எங்கள் இருவரில் யாருக்கு என்பதை ஆவணியில் சொல்வதாக மாமா சொல்லியிருந்தார். ஆடியில் இவன் விடுமுறையில் வந்து சேர்ந்தான்.

"பொயிலரிலை எண்ணெய் எரிச்சு ஆவி எடுக்கிறது," என்று மாமா வீட்டு முற்றத்தில் கதைத்தான். "ஆவி பட்டுச் சக்கரம் பேய் வேகத்திலை சுத்தும். பல்லுச்சில்லாலை அந்த வேகத்தைக் குறைச்சு, நீளத் தண்டாலை பின்னுக்குக் கிடக்கிற விசிறிக்குக் குடுக்கிறது. ரெண்டு விசிறி. ஒண்டு உங்கடை கிணத்தை மூடும்."

"உண்மையே?" என்றாள் பத்மாவதி. அன்று மட்டும் ஏழு முறை. (எனக்கு நான்கு வருடத்தில் ஒருமுறை. அதுவும் மாடு கன்று போட்டதைச் சொன்னபோது.)

விசிறி தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளுவதால்தான் கப்பல் முன்னுக்குப் போகிறது என்றும் அவன் விளக்கினானாம். அந்த நேரம் நான் அவளுடைய சிரிப்பை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"உது பெரிய வித்தையோ? நானும் ஓட்டிக் காட்டுறன்," என்று வாய் விட்டேன்.

எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மிஷினைக் கழற்றினேன். சுன்னாகத்துப் பட்டறையில் அதற்கு நீளத் தண்டும் நான்கு தகட்டு விசிறியும் பொருத்தி, வாடகை வள்ளம் ஒன்றின் பின்பக்கம் பூட்டினேன். எங்கள் ஊரில் மிஷினின் வேலை தண்ணீரை முன்னுக்கு எறிவது. முன்னே தண்ணீர் போனால் பின்னே நாமும் போவோம் என்று நினைத்து, விசிறித் தகடுகளை அப்படியே வளைப்பித்தேன். (கணக்கு வாத்தியார்.)

ஆடி அமாவாசை, தகப்பன் இல்லாதவர்கள் கடலில் பிண்டம் விடும் நாள். மாமா இடுப்பளவு தண்ணீரில் கண்ணை மூடி நின்றார். கரையில் பத்மாவதி, பக்கத்தில் அவன். மாமாவுக்குச் சற்று அப்பால், கடலைப் பார்த்து நின்ற வள்ளத்தில் நான் மிஷினை முடுக்கிவிட்டு முன்பக்கம் போய், இடுப்பில் கை வைத்து, இந்தியாவைப் பார்த்தபடி நின்றேன்.

இந்தியா விலகிப் போனது.

"அத்தான், பின்னுக்கு வாறியள்," என்றாள் பத்மாவதி. நான்கு வருடத்தில் அவளாக என்னோடு கதைத்த முதல் வார்த்தை.

"மிஷினை நிப்பாட்டடா," என்று கத்திக்கொண்டு சிவராசா கடலில் பாய்ந்தான். நான் நிற்பது ஒரு பக்கம், மிஷின் மறுபக்கம். இடையில் தவழ்ந்து போவதற்குள் மாமா பிண்டத்தை விட்டுவிட்டு விலகினார். மிதந்த வேட்டி விலகவில்லை. அது தண்டில் சுற்றிக்கொள்ள மிஷின் திணறி நின்றது. மாமா கழுத்தளவு தண்ணீருக்குப் போனார். சிவராசா தன் சால்வையோடு நீந்திப் போனான். அந்த நீச்சலைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆவணியில் மாமா சொன்னார்: "கப்பல்காரன் கெட்டிக்காரன். முன்னுக்குப் போயிடுவான், என்ரை பிள்ளையையும் கொண்டு போயிடுவான். உவன் வாத்தியார் எப்பிடி ஓட வெளிக்கிட்டாலும் கரைக்குத்தான் வாறான். உவனுக்கே குடுப்பம்."

கல்யாணம் நடந்தது. இன்றும் நான் சைக்கிளை எடுத்தால் வீட்டில் ஒரு குரல்: "இஞ்சருங்கோ, முன்னுக்கோ, பின்னுக்கோ?" பேரப்பிள்ளைகளும் பழகிவிட்டார்கள்.

அந்த நாளில் சிவராசா லீவில் வரும்போதெல்லாம் அவள் அந்த விசிறிகளைச் சுகம் விசாரிப்பாள். ஒருமுறை அவற்றைப் பார்க்கவென்றே கொழும்புக்குப் போனோம். அவை தண்ணீருக்கடியில் இருக்கும், பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. மிஷின் திருத்தம், பட்டறைக் கூலி, வள்ள வாடகை, மாமாவுக்குப் பட்டுவேட்டி, கொழும்பு ரயில் சீட்டு இரண்டு: வாய் விட்ட செலவு எல்லாமாக 311 ரூபா 75 சதம்.