கறுப்புக் கரை போட்ட நத்தார்ப் படம்

சிராங்கூன் ரோடு,
சிங்கப்பூர்.
1913ம் ஆண்டு மாசி மாதம், ஞாயிறு இரவு.

கர்த்தருடைய கிருபையால் நோய்நொடி அணுகாமல் இருக்க நான் தினமும் வேண்டிக்கொள்ளும் மாமி அவர்களுக்கு, மருமகள் புஷ்பராணி பணிவோடு எழுதிக்கொள்வது:

இந்தச் சாமத்தில் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். "மண்ணெண்ணெய் என்ன கிணத்திலே ஊறுதோ?" என்று நீங்கள் கேட்பது கடல் தாண்டி என் காதில் விழுகிறது. சின்னத்துரை விழித்திருக்கும்போது இந்த வீட்டில் மைக்கூட்டைத் திறக்க முடியாது. போன கிழமை திறந்தேன், குடித்துவிட்டான். பயப்படாதேயுங்கோ, குடிக்கவில்லை, நாக்கைத்தான் நனைத்தான், கறுப்பெல்லாம் போய் அது இப்போது எல்லாருடைய நாக்கையும் போல்தான் இருக்கிறது. குணவதி, உன் அம்மா கண்ணாடி போடமாட்டா, நீதான் இதை உரத்து வாசிப்பாய் என்று தெரியும். மைக்கூட்டுக் கதையை விட்டுவிட்டு அடுத்த பந்தியிலிருந்து வாசி.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. நாங்கள் மூன்று பேரும் சுகம். மூன்று பேரும் என்பதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன். இயேசு பிறந்த நத்தார்ப் பெருநாளுக்கு எடுத்து நாங்கள் அனுப்பிய படத்தை நீங்கள் பிரித்துப் பார்த்ததும், "ஐயோ என்ரை ராசா" என்று முற்றத்தில் விழுந்ததும், அயல் எல்லாம் ஓடிவந்ததும், கோயில் மணி அடித்ததும், பெண்டுகள் தலைவிரித்து ஒப்பாரி சொல்ல, "கிறிஸ்தவர்கள் இப்படி அழப்படாது" என்று தடுக்க வந்த போதகர் ஐயாவும் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைக்க லேஞ்சியை எடுத்ததும், உங்கள் வீட்டு அடுப்பில் நெருப்பு மூட்டாமல் அயலார் கஞ்சி கொண்டுவந்ததும், இரண்டு நாள் கழித்து என்னுடைய கடிதம் வந்து, அதிலே "சின்னத்துரை கோழியைத் துரத்திக்கொண்டு திரிகிறான்" என்று குணவதி வாசித்ததும், செத்த பிள்ளை எப்படிக் கோழி துரத்தும் என்று அயலார் உங்களையே கேட்டதும் எல்லாம் வாசித்தேன். வாசித்து முதலில் அழுதேன். பிறகு சிரித்தேன். பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்தேன், சிரிப்பு நின்றுபோயிற்று. "கொலேச்சிலே படிச்ச பிள்ளைக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியேல்லை. சித்திரைக்குள்ளே பெரியமாமா கப்பலேறி வருவார், என்ரை பேரனை அவரோடை அனுப்பிவிடு, இஞ்சை நான் வளர்க்கிறன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

மாமி, இங்கேயுள்ள நம்மவர்கள் பிள்ளைகளைப் படிப்பிக்க ஊருக்கு அனுப்புவது வழக்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அவர்கள் அனுப்புவது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை. இவனுக்கு இன்னும் இரண்டு வயது நிரம்பவில்லை. உங்கள் மகனிடம் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்தார், மடித்தார், "அம்மா யோசியாமல் சொல்லமாட்டா" என்றார், குடையை எடுத்துக்கொண்டு கந்தோர் வேலைக்குப் போய்விட்டார். ஓம் என்றாரா, இல்லை என்றாரா? வெள்ளிக்கிழமை தொடங்கி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தப் படம் மட்டுமல்ல, வருஷா வருஷம் வந்த நத்தார்ப் படங்கள் எல்லாமே நான் குடித்தனத்துக்கு ஆகாதவள் என்று சாட்சி சொல்லுகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆகையால் பெட்டியின் அடியிலிருந்து பழைய படங்களை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். படம் பொய் சொல்லாது என்கிறார்கள். நெய்னா முகம்மது பிடித்தால் சொல்லும்.

இந்த நெய்னா முகம்மது யாரென்றால், நாங்கள் குடியிருக்கிற மேல்வீட்டுக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருக்கிற காதர் மைதீன் அவர்களின் மைத்துனர், அதாவது ஆமினா பீவி அக்காவின் தம்பி. நல்ல மனிதர். அவருடைய படப்பெட்டி மட்டும் மிகவும் வயதானது. அது நம்மைப் பார்த்து முடிக்கும்வரை மூச்சு விடப்படாது, கண் வெட்டப்படாது, சிரிக்கவே படாது.

எங்கள் முதல் நத்தார்ப் படத்தில் நான் அழுத முகத்தோடு நிற்கிறேனாம். "என்ரை பிள்ளை உனக்கு என்ன செய்தவன்?" என்று கேட்டீர்கள். ஒன்றும் செய்யவில்லை மாமி, சாப்பிட்டார். ஆராதனை முடிந்து வந்து, நீங்கள் தகரத்தில் அடைத்து அனுப்பின பயற்றம் பணியாரம் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். நெய்னா முகம்மது, இவருடைய கந்தோர் எழுத்துவேலையை வைத்து, "கிராணியார், மூச்சை உள்ளே இழுங்க" என்றார். இவர் இழுத்தார். நடுப்பொத்தான் தெறித்துப்போய், படப்பெட்டியின் கறுப்புத் துணிக்கு மேலாலே அந்த மனிதருடைய நெற்றியில் பட்டது. அவர் "யா அல்லாஹ், சுட்டுட்டாங்க" என்று கறுப்புத் துணிக்குள்ளேயிருந்து கத்தினார். நானோ பின்பக்கம் ஒரு இரும்புக் கவையிலே கழுத்தைக் கொடுத்து நின்றேன், தலை ஆடாமல் இருப்பதற்காக. அந்த நிலையில் சிரிப்பை அடக்குகிற பெண்ணுடைய முகம் வேறெப்படி இருக்கும்? அன்று பின்னேரம் டிராமில் ஏறிக் கடற்கரைக்குப் போனோம். கோட்டின் நடுவைக் கையால் பொத்திக்கொண்டே வந்தார், ஏதோ பிரபு நெஞ்சில் கைவைத்து நடப்பதுபோல. எதிரே வந்த வெள்ளைக்காரர் ஒருவர் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டுப் போனார். அந்த நத்தாரைப்போல் நான் என்றைக்கும் சிரித்ததில்லை. படத்தில் அழுகிறேன்.

அடுத்தது சின்னத்துரைக்கு முதல் நத்தார். செத்துப்போன மாமாவின் பெயரை அவனுக்கு வைத்தோம், அதனால் நீங்களும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டீர்கள், நானும் சொல்லப்படாது, ஆகப் பெயரிருந்தும் பெயரில்லாத பிள்ளையாய் "சின்னத்துரை" என்றே வளர்கிறான். இந்தப் படத்தில் உங்கள் மகன் நிற்கிறார், பக்கத்தில் துணி போர்த்த பெரிய கதிரையில் பிள்ளை இருக்கிறான், என்னைக் காணவில்லை. நீங்கள் அப்போது எழுதினதை அப்படியே திருப்பி எழுதுகிறேன்: "பெருநாளும் அதுவுமாய்ப் புருஷனையும் பிள்ளையையும் விட்டிட்டு எங்கையடி போனாய்? அந்தப் பூப்போட்ட கதிரை மட்டும் நல்ல வடிவு, என்ன விலையெண்டு கேட்டு எழுது."

மாமி, அந்தக் கதிரை நான்தான்.

பிள்ளை தனியே இருக்கவில்லை, ஒருவர் பிடித்தாலும் நழுவினான். நெய்னா முகம்மது யோசித்துவிட்டு, "தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க, நீங்க உக்காருங்க, மேலே துணிய போட்டுடுவோம், புள்ள மடியில இருக்கட்டும், படத்துல ஆசனம் மாதிரி விழும் லா" என்றார். உங்கள் மகனும் "நல்ல யோசனை" என்றார். என்னைத் தலையோடே பூப்போட்ட கட்டில்விரிப்பால் மூடினார்கள். உள்ளே புழுக்கம், தும்மல் வேறு. புதுச் சீலை, புது வளையல், மல்லிகைப்பூ எல்லாம் அணிந்துகொண்டு போய்க் கதிரையானேன். பிள்ளைக்கு மூன்று கை விழுந்திருக்கிறது என்று பயந்தீர்கள். இரண்டுதான். அவன் என்னைத் தேடி விரிப்பை இழுத்த கை அசைந்ததால் இரண்டாய்த் தெரிகிறது. அம்மா எங்கே என்று கலங்கவில்லை, அதற்குள்ளேதான் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும், சிரித்துக்கொண்டே இழுத்தான். விலை கேட்டதற்கு அப்போது நான் பதில் எழுதாததன் காரணம் இதுதான்.

இனி இந்த வருஷத்துப் படம். அன்று விடிய முதல் நத்தார்ப் பாட்டுப் பாடிக்கொண்டு பஜனைக்காரர் வந்தார்கள். அவர்கள் போக, சீனக் கடைக்காரர் எங்களுக்காக என்று வெடி கொளுத்தினார். பிறகு ஆராதனை. சின்னத்துரை ஒரு கண்ணும் மூடவில்லை. கோயிலில் காணிக்கைத் தட்டைத் தலையில் கவிழ்த்தான், றோட்டில் எருமை மாட்டுக்குப் பின்னாலே ஓடினான், படம் பிடிக்கிற அறையில் இருந்த வெள்ளைத் தூணைக் கடித்து அது சுண்ணாம்பு என்று கண்டுபிடித்தான். நெய்னா முகம்மது கிலுகிலுப்பையைக் காட்ட, அதையும் பறித்து எறிந்தான். மத்தியானம் வரை நாங்கள் எல்லாரும் அவனைத் துரத்தினோம். பிறகு ஒரு பணியாரத்தைக் கையில் பிடித்தபடியே சோபாவில் விழுந்தான், கொறட்டை விட்டான்.

"எழுப்பாதீங்க!" என்றார் நெய்னா முகம்மது. "இதவிட அசையாத புள்ள இந்த ஊர்லயே கிடைக்காது. இப்படியே எடுத்துடுறேன்."

சரியென்று நினைத்தோம், மாமி. யார்தான் நினையார்? பெருநாளாயிற்றே என்று பூக்கடையில் ரோசாவும் மல்லிகையும் வாங்கி வந்து நெய்னா முகம்மது அவனைச் சுற்றி வைத்தார். நத்தார் என்றால் மெழுகுதிரி இல்லாமலா என்று தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று கொளுத்தினார். அவனுக்கு ஞானஸ்நானத்து வெள்ளைச் சட்டை. எனக்கு வெள்ளைப் பட்டு, கோயிலுக்குப் போய் வந்தது. உங்கள் மகனிடம் இருக்கிறது ஒரேயொரு கறுப்புக் கோட்டு. புழுக்கம் தாங்காமல் அவர் லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைக்கப்போக, அந்த நேரம் பார்த்துப் படப்பெட்டி திறந்துகொண்டது, லேஞ்சி கண்ணில் நின்றுவிட்டது. ஆமினா பீவி அக்கா ஓரமாய் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருப்பது சிரிப்பில், கொறட்டை அவ்வளவு பெரிது. படம் ஒட்டுகிற வழக்கமான மட்டை முடிந்துபோய்விட்டது என்று, யாரோ செத்தவீட்டுப் படத்துக்குச் சொல்லிவைத்து வாங்காமல் விட்ட கறுப்புக் கரை மட்டையில் நெய்னா முகம்மது ஒட்டிக் கொடுத்தார். "கறுப்புதான் எடுப்பா இருக்கும்" என்றார். உங்கள் மகன் அது கையில் கிடைத்த அன்றைக்கே கந்தோரிலிருந்து தபாலில் போட்டுவிட்டார். என் கடிதம் நீண்டுபோனதால் அடுத்த கப்பலுக்குத்தான் போயிற்று.

பிள்ளையின் கையைப் பாருங்கோ மாமி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கோ. பணியாரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறான்! கன்னத்தைப் பாருங்கோ, பாதிப் பணியாரம் அதற்குள்ளேதான். அது பட்டினி கிடந்த பிள்ளையின் கன்னமா?

நேற்று ஆமினா பீவி அக்காவுக்கு உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "யா அல்லாஹ், உசுரோட இருக்குற புள்ளைக்கு ஊரே அழுதுடுச்சா? அப்ப அவனுக்கு நூறு வயசு, எழுதி வச்சுக்கோ" என்று சொல்லி அவனுக்கு நெற்றி வழித்துத் திருஷ்டி கழித்தா. பிறகு மெதுவாய், "அப்புடி அழுவுற உம் மாமியாவும் ஒரு உம்மாதானே. அவங்க மேல கோவப்படாதே தங்கச்சி" என்றா. கோபம் இல்லை மாமி. என் பிள்ளைக்காக ஒரு ஊரை அழவைக்கக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் அவன் என்னைவிட்டுக் கப்பலேறினால், நீங்கள் அழுத அழுகையை இங்கே நான் தினமும் அழவேண்டி வரும்.

ஆகையால் பெரியமாமாவை அனுப்ப வேண்டாம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. சமைக்கிறேன், தைக்கிறேன், பிள்ளையை ஒரு நொடி கண் எடுக்காமல் பார்க்கிறேன், யாருடைய உதவியும் தேவையில்லை, எல்லாம் ஒழுங்காய் நடக்கிறது. இப்போது ஏதோ விழுந்த சத்தம் கேட்டது, பார்த்துவிட்டு வருகிறேன். ஒன்றுமில்லை, உங்கள் மகன்தான் கட்டிலிலிருந்து. சின்னத்துரை குறுக்கே படுத்து உதைத்திருக்கிறான்.

பெரியமாமாவுக்கும் போதகர் ஐயாவுக்கும் எங்கள் வணக்கம். அழ வந்த அயலார் அத்தனை பேருக்கும் நன்றி. குணவதிக்கு என் முத்தங்கள். உங்கள் பாதத்தில் விழுந்து ஆசீர்வாதம் கேட்கும்,

உங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகள்,
கிறேஸ் புஷ்பராணி

பின்குறிப்பு: விழுந்தெழும்பி வந்த உங்கள் மகன் இதை எல்லாம் நின்றபடியே வாசித்தார். "இவ்வளவும் எழுதினாய், முக்கியமானதை எழுதேல்லையே" என்றார். "பிள்ளையை அனுப்புவீங்களோ, மாட்டீங்களோ, முதல் அதைச் சொல்லுங்கோ" என்றேன். "எடி விசரி, ஆர் அனுப்பப் போறது? அம்மாவுக்கு எப்பிடி எழுதுறது எண்டுதான் வெள்ளிக்கிழமை துவங்கி யோசிக்கிறன்" என்றார். பிறகு, "ஆவணியிலே பெரியமாமா வந்தோ பிள்ளைப்பேறு பார்க்கிறது?" என்றார்.

ஆகவே மாமி, மேலே உதவி தேவையில்லை என்று எழுதினதை எல்லாம் அடித்துவிடுங்கோ. ஆவணியில் சின்னத்துரைக்குத் தம்பியோ தங்கச்சியோ வரப்போகிறது. நான் காலையில் சத்தி எடுக்கிறேன், அந்த நேரம் அவன் படியிறங்கி எருமைமாட்டுக்கு நடக்கிறான், பிடிக்க என்னால் ஓட முடியவில்லை. கொலேச்சில் இதற்கு ஒன்றும் படிப்பிக்கவில்லை. பெரியமாமாவுக்கு எடுத்த கப்பல் சீட்டில் நீங்கள் வாங்கோ. பேரனைக் கொண்டுபோக வேண்டாம், வந்து எங்களோடு இருங்கோ. குணவதி, இந்தப் பந்தியை ஒரு எழுத்தும் விடாமல் வாசி.

எந்தக் கப்பலில் வருகிறீர்கள் என்று சீக்கிரம் பதில் எழுதுங்கோ.