கம்பியில்லாக் கங்காணி

ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அவர்களில் ஒருவர்தான் கம்பியில்லாக் கங்காணியாக இருக்க முடியும். இருவர் ஆனால் வீடு தாங்காது. இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், வாசகரே. முன்பு தண்ணீர்த் தொட்டியின் வால்வையும் மின்சார மீட்டரையும் சுற்றிச் சுற்றி வந்தது. இப்போது கூடத்து மூலையில் கண்சிமிட்டும் ரவுட்டர் பெட்டிக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. பெட்டியை வாங்கியதும் தானே, பொருத்தியதும் தானே, கடவுச்சொல் வைத்ததும் தானே என்பதால், அதன் வழியாகப் போகிற வருகிற அத்தனை உயிர்களும் தன் பொறுப்பில் இருப்பதாக அது நம்புகிறது.

நாம் எடுத்துக்கொள்ளும் கங்காணி ஒரு கண்ணாடிக் கடையில் சரக்கு இருப்புப் பார்ப்பவர். கடையில் அவரிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. கேட்கப்படாத யோசனைகளையெல்லாம் அவர் மாலையில் வீட்டுக்குச் சுமந்து வந்தார். வீட்டில் இருந்தவர்கள் அவருடைய மனைவியும் தங்கையும். பட்டப்பெயர் வைத்தது மனைவி; நாத்தனாரும் அண்ணியும் ஒரே மனதாக ஏற்றுக்கொண்ட முதல் விஷயமும் அதுதான்.

அண்மையில் ரவுட்டரின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது. எந்தக் கருவி எப்போது இணைந்தது, எவ்வளவு டேட்டா இழுத்தது என்று காட்டும் கண்காணிப்பு. எதற்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் அதிகாரம். லைனின் வேகத்தைத் தானே சோதித்துக் கோட்டுப்படம் வரைந்து தரும் சேவை. சோதனை நாளுக்கு ஒருமுறை நடந்தால் போதும் என்று மென்பொருளைச் செய்தவர்கள் வைத்திருந்தார்கள். பாவம், அவர்களுக்குக் கங்காணியைத் தெரியாது. அவர் அதை ‘இடைவிடாமல்’ என்ற கடைசி எல்லைக்குத் தள்ளினார். சோதனைக்கு இடையூறு வரக் கூடாதென்று அதற்கே முதல் முன்னுரிமையும் கொடுத்தார். வேகத்தை அளக்க வேண்டுமானால் லைனை முழுவதும் நிரப்பித்தான் அளக்க முடியும். ஆகவே, தெருவில் போக்குவரத்துச் சீராக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தன் லாரியை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓட்டிக்கொண்டே இருக்கும் ஒருவரைப் போல அவர் ஓயாமல் சோதித்தார். மற்ற வண்டிகளெல்லாம் ஓரத்தில் ஒதுங்கி நின்றன. லாரிக்காரருக்குத் தெரு காலியாகத் தெரிந்தது. படம் முழுக்கப் பச்சை.

அதன்பின் அவர் மனிதர்களைப் பெயர் சொல்லி அழைப்பதையே நிறுத்திவிட்டார்.

“உள்ரூம் லேப்டாப் காலையிலேருந்து இழுத்துக்கிட்டே இருக்கு.”

“அது உங்க தங்கச்சிங்க. வேலை பாக்குறா.”

“சமையலறை போனும் சும்மா இல்ல.”

“அது நான். எங்க அம்மாகிட்ட உங்களப் பத்திப் பேசிட்டிருக்கேன். அதையும் படம் போட்டுக் காட்டுதா?”

பார்க்க வந்த மாமா செருப்பைக் கழற்றுவதற்குள் அவருடைய போன் ‘அடையாளம் தெரியாத கருவி’ என்று தடுத்து நிறுத்தப்பட்டது. கங்காணியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் மாமா. அதனால் என்ன? போனைத் தூக்கி வளர்த்தது யார் என்று தெரியவில்லையே!

தங்கை திரைப்படங்களுக்கு அடிவரி, அதாவது சப்டைட்டில், எழுதுகிறவள். ஆண்டுக்கணக்காகத் துண்டு துண்டாக வந்த வேலை, கிடைத்த மாதம் உண்டு, கிடைக்காத மாதம் இல்லை. இப்போதுதான் ஒரு நிறுவனம் நிரந்தரப் பணிக்கு அவளை நேர்காணலுக்கு அழைத்திருந்தது, காணொலியில். அண்ணனிடம் முன்கூட்டியே சொன்னாள். “கவலைய விடு, நான் பாத்துக்கறேன்” என்றார் அவர். அவளுக்குக் கவலை பிடித்தது அப்போதுதான். சொன்னபடியே, லைனைக் காவல் காப்பதற்காக அன்று கடைக்கு விடுப்பும் போட்டார்.

நேர்காணல் தொடங்கி இரண்டாவது கேள்வியிலேயே, கேள்வி கேட்ட அம்மாள் திரையில் ஒரு கண் மூடிய நிலையில் உறைந்துபோனார். குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது: “...கேக்குதா? ...நீங்க... காணோம்...” தங்கை கதவைத் திறந்தாள். கங்காணி வாசலிலேயே போனும் கையுமாக நின்றிருந்தார்.

“அண்ணா, நெட் நிக்குது.”

“நிக்கலயே. பாரு, பச்சையா இருக்கு.”

“உன் படத்துல பச்சை. என் மூஞ்சி அங்க கல்லாயிடுச்சு. அந்தச் சோதனைய அரை மணி நேரம் நிறுத்தேன்.”

“நிறுத்திட்டா லைன் நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்?”

அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, தன் போனின் நெட்டை இணைத்துக்கொண்டு, பொதுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். மாடிவீட்டுக்காரர் ஒருவர் சுருட்டிய மெத்தையுடன் இறங்க, முழங்காலை மடக்கி வழிவிட்டபடியே மீதிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். படிக்கட்டில் படம் ஒருமுறைகூட உறையவில்லை.

கடைசியில் அந்த அம்மாள் கேட்டார்: “இது வீட்டிலேருந்து செய்யற வேலை. உங்க வீட்டு லைன் எப்படி?”

“லைன் நல்ல லைன்தான் மேடம். அதக் கவனிச்சுக்க ஒருத்தர் இருக்கார்.”

“எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்கார்” என்றார் அம்மாள். “அதனாலதான் நான் தினம் ஆபீசுக்கு வந்துடறேன். நீங்களும் வந்துடுங்களேன், இடம் இருக்கு.”

வேலை கிடைத்துவிட்டது. அதைச் சொல்ல உள்ளே ஓடி வந்தவளை வாய் திறக்க விடாமல் கங்காணி போனை முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பாத்தியா? நீ சும்மா பதறுன. நடுவுல ஒரு சின்னச் சறுக்கல், அதுக்கப்புறம் லைன் எப்படி ஜொலிக்குது பாரு! எல்லாம் நான் பக்கத்துலயே நின்னதால.”

“அதுக்கப்புறம் நான் படிக்கட்டுல இருந்தேண்ணா.”

அவர் படத்தை உற்றுப் பார்த்தார். “அதான் சொல்றேன்ல,” என்றார், “உள்ரூம் லேப்டாப்தான் கோளாறு.”

மறுவாரத்திலிருந்து தங்கை அலுவலகம் போய் வருகிறாள். அண்ணியும் பகலில் தையல் வகுப்பு ஒன்றில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் ஒரு கருவியும் இல்லை, ஒரு குரலும் இல்லை. படம் இதுவரை காணாத பச்சை. மென்பொருளின் பெருமையை அவர் கடையில் எல்லோரிடமும் சொல்லிவருகிறார்.

வாசகரே, நீங்கள் நல்லவர். தங்கைக்காக மனம் வருந்தியிருப்பீர்கள், அண்ணனைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். சந்தேகமில்லை. ஆனால் இவ்வளவையும் படித்து வரும்போது, அந்தச் சோதனை வசதி எந்த மெனுவுக்குள் இருக்கிறது என்று எழுதாமல் விட்டுவிட்டார்களே என்று ஒரு சிறு குறை உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால், வீட்டில் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்தாகிவிட்டது. என்ன பெயர் என்று விசாரிக்க வேண்டாம். சொல்ல மாட்டார்கள்.