கத்திரிக்காய்க்குப் பந்தல்

கத்திரிக்காய்க்குப் பந்தல் போட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் பக்கத்துப் போர்ஷனில் நான் ஒன்றரை வருஷம் குடியிருந்தேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் பாதி காலியான சமயம் அது. நான் ஜார்ஜ் டவுனில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. கல்யாணம் ஆகாதவன். மேனாம்பேட்டில் ஒரு ஓட்டு வீட்டின் முன்பகுதியை வாடகைக்குப் பிடித்து, அம்பத்தூரிலிருந்து தினம் ரயிலில் போய்வந்துகொண்டிருந்தேன். பின்பகுதிக்குச் செக்கரும் அவர் சம்சாரமும் வந்து சேர்ந்தார்கள். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஊரில் யாரும் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இருபத்தெட்டு வருஷம் டிராமில் டிக்கெட் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். உடம்புதான் ஓய்வு பெற்றது. சந்தேகம் இன்னும் சர்வீஸில் இருந்தது. டிக்கெட் இல்லாதவனை அவர் அவ்வளவாகச் சந்தேகப்பட மாட்டார். அவன் வெறும் திருடன். கேட்பதற்கு முன்பே டிக்கெட்டை எடுத்து நீட்டுகிறான் பாருங்கள், அவன்தான் ஆபத்தானவன், எதையோ மறைக்கிறான் என்பது அவர் சித்தாந்தம்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் போடற சாப்பாட்டையே ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டுத்தான் வாயில வெக்கறாரு," என்று அந்த அம்மாள் என்னிடம் ஒருநாள் சொன்னார்கள். வருத்தமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார்கள்.

அவர் நம்பியது அச்சடித்த காகிதத்தை மட்டும்தான். அம்பத்தூர் ஸ்டேஷனில், வீட்டுக்கு வீடு காய்கறி போடச் சொல்லி சர்க்கார் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். செக்கர் அதை மூன்று தடவை படித்தார். அந்த வாரமே குமணன்சாவடிக்குப் போய் இரண்டு பொட்டலம் விதை வாங்கி வந்தார். ஒன்றின் மேல் 'கத்திரி' என்றும் மற்றதன் மேல் 'புடலை' என்றும் கடைக்காரர் எழுதியிருந்தார்.

"அவன் மூஞ்சியே சரியில்ல தம்பி," என்றார் என்னிடம். "பட்டணத்துக்காரன்னு தெரிஞ்சுபோச்சு அவனுக்கு. பேரை மாத்தி எழுதிட்டான்."

"விதையைப் பார்த்தாலே தெரியுமே சார்?"

"எனக்கு இன்னா தெரியும்? பொறந்ததுலேருந்து குழம்புலதான் பாத்துக்கீறேன்."

எனக்கும் தெரியாது. ஆகவே அவர் பென்சிலை எடுத்து இரண்டு பெயரையும் அடித்துவிட்டு இடம் மாற்றி எழுதினார். மேனாம்பேட்டு விவசாய சரித்திரம் திசை திரும்பியது அந்த நிமிஷத்தில்தான்.

பிறகு கட்டுமானம் ஆரம்பமாயிற்று. ஆசாரியைக் கூப்பிடவில்லை, ஆணியைத் திருடுவானாம். பழைய சாமான் கடையிலிருந்து உடைந்த டிராம் வண்டியின் ஜன்னல் சட்டங்களை வாங்கிவந்து வேலி அடித்தார். வேலிக்கு உள்ளே தேயிலைப் பெட்டிகளின் அடிப்பலகையைக் கழற்றிவிட்டு மண் நிரப்பி வரிசையாக வைத்தார், கீரைக்கு. வேலியைச் சுற்றிக் கயிறு கட்டி, அதில் காலி மண்ணெண்ணெய் டின்களைத் தொங்கவிட்டார். யார் தொட்டாலும் ஊரே எழுந்திருக்கும். காற்றடித்தாலும் எழுந்தது.

அதற்கப்புறம் பந்தல். மூங்கில் நட்டு, குறுக்கே கட்டி, ஓர் ஆள் தலைமேல் இன்னொரு ஆள் நிற்கிற உயரத்துக்கு எழுப்பினார். அதன் காலடியில் 'புடலை' என்று தாம் எழுதிய விதையைப் போட்டார். 'கத்திரி' என்று எழுதியதைத் தள்ளியிருந்த மண்மேட்டில் போட்டார்.

விதை முளைத்து நான்கு இலை விட்டதும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கன்னியப்பன் எட்டிப் பார்த்தார். பக்கத்து நிலத்துக்காரர். ஐந்து தலைமுறையாக அதே மண்ணில் பயிர் வைத்த குடும்பம்.

"இன்னா நைனா, கத்திரிக்குப் பந்தல் போட்டுக்கீறே?"

"இது புடலை."

"கத்திரி நைனா அது. கொடி இல்ல, ஏறாது. புடலை அந்த மண்மேட்டுல கீது பாரு, தரையில சுருண்டுகினு. பந்தலைப் பிரிச்சு அங்க நடு."

செக்கர் மூங்கிலை ஆட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்று மாலை என்னிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். "பந்தலைப் பிரின்றான். ஏன்? மூங்கில் மேல கண்ணு. நான் பிரிச்சுப் போட்டா ராத்திரியோட ராத்திரியா காணாமப் போயிடும்."

மறுநாள் வாழைநாரால் ஒவ்வொரு கத்திரிச் செடியையும் இழுத்து மூங்கிலோடு கட்டினார். பழகினால் ஏறும் என்றார். கத்திரி, ரிமாண்டுக் கைதி மாதிரி கம்பத்தோடு நின்றது. ஆனாலும் காய்த்தது.

காய்த்ததும் காவல் வேண்டியிருந்தது. பந்தலுக்குப் பக்கத்தில் நாலு மூங்கில் கம்பம் நட்டு, மேலே பலகை போட்டு ஒரு பரண் கட்டினார். ஏணி வைத்து ஏறி, பழைய டிராம் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கையில் நோட்டுப் புத்தகத்தோடு காலையிலிருந்து உட்கார்ந்திருப்பார். தெற்கே அயனம்பாக்கம் ஏரி பளபளக்கும். மேற்கே ஆவடிப் பக்கம் மிலிட்டரிக்காரர்கள் எழுப்பிக்கொண்டிருந்த கொட்டகைகள் வெள்ளையாகத் தெரியும்.

இங்கேதான் ஊர் அவரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தது. பட்டணத்திலிருந்து வந்தவன். பேர் சொல்லாதவன். கத்திரிக்காய் என்று சொல்லிக்கொண்டு இரண்டாள் உயரத்துக்கு மூங்கில் கட்டுகிறான். மேலே உட்கார்ந்து எழுதுகிறான். ஆகாசத்தில் போகிறவனுக்கு அது ஏதோ அடையாளமாம். டின் ஓசைகூட ஒரு கணக்கோடுதான் வருகிறதாம். டீக்கடையில் இதைக் கேட்டபோது நான் சிரித்தேன்.

ஒருநாள் அவர் சாப்பிடப் போயிருந்தார். நோட்டுப் புத்தகம் ஏணிப்படியில் திறந்து கிடந்தது. கடந்துபோனவன் ஒரு வரியைப் பார்த்துவிட்டேன். 'லாரி ஆறு. மேற்கே.'

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பேசிப் பழகிய மனிதர், வெள்ளைத்தாளில் எனக்குக் கீரை மடித்துக் கொடுத்தவர் என்று ஒரு மனசு சொல்லும். அப்படித்தானே நல்லவன் மாதிரி நடிப்பார்கள் என்று இன்னொரு மனசு சொல்லும். கடைசியில் ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அம்பத்தூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போடாமல் தபாலில் சேர்த்தேன். எழுதியவன் நான்தான். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏட்டு சைக்கிளில் வந்து இறங்கினார். வேலியைத் தொட்டார். டின்கள் அத்தனையும் அலறின. பரணிலிருந்து விசில் ஊதியது.

"கீழ எறங்குங்க. உங்க மேல ஒரு மனு வந்துக்கீது," என்றார் ஏட்டு, ஒரு கவரைத் தூக்கிக் காட்டி. என் கவர்.

"நீங்க போலீசுன்றதுக்கு இன்னா அத்தாட்சி?" என்றார் செக்கர். தலைப்பாகை, பெல்ட், லத்தி எல்லாம் போட்டுக்கொண்டு வந்த மனிதரிடம்.

கடைசியில் செக்கர் இறங்கி வந்ததும் ஏட்டு நோட்டை வாங்கி உரக்கப் படித்தார். நான் என் வாசலிலேயே நின்றேன். கன்னியப்பன் சத்தம் கேட்டு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"ஆறு அம்பது. எருமை நாலு, கூட கன்னியப்பன். வேலியை மோந்து பாத்தது." ஏட்டு நிமிர்ந்தார். "யாரு?"

"எருமைதான்."

"ஏழு பத்து. லாரி ஆறு, மேற்கே." ஏட்டின் முகம் மாறியது. "லாரியை ஏன் எழுதுனீங்க?"

"தூசி. கீரை பூரா மண்ணாயிடுது. கலெக்டருக்கு எழுதறதுக்குக் கணக்கு வேணும் இல்ல?"

"ஏழு நாப்பது. பக்கத்துப் போர்ஷன் தம்பி, ஆபீசுக்கு. சந்தேகம் இல்லை." ஏட்டு பக்கத்தைப் புரட்டினார். "இந்த நோட்டுல மொத்தமே இவன் ஒருத்தன்தான் சந்தேகம் இல்லாதவனா?"

"ஆமா. நல்ல பையன்."

தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"பரண் மேலேருந்து மிலிட்டரி கேம்ப் தெரியுமா?"

"தெரியும். நான் அந்தப் பக்கம் பாக்கறதில்ல. திருட்டு எல்லாம் கிழக்கேருந்துதான் வருது." கையை நேராகக் கன்னியப்பனை நோக்கி நீட்டினார்.

"இந்தப் பந்தல் எதுக்கு?"

"கத்திரிக்காய்க்கு."

ஏட்டு நோட்டை மூடிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அதுவரை இருந்த மரியாதை போயிற்று. "உத்தரமேரூர்ப் பக்கம் என் ஊரு. நானும் மம்பட்டி புடிச்சவன்தான். கத்திரிக்காய்க்குப் பந்தல்னு யாராண்ட சொல்றே? நட ஸ்டேஷனுக்கு."

அந்த நாளில் அப்படிக் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. செக்கரம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செக்கர் சட்டையை மாட்டிக்கொள்ளக் கையைத் தூக்கினார். கை, சட்டைக் கையைத் தேடிக்கொண்டே இருந்தது. நான் வாயைத் திறக்க வேண்டிய நேரம் அது. திறக்கவில்லை.

"ஏட்டையா," என்றார் கன்னியப்பன். "எங்க பக்கம் கத்திரிக்குப் பந்தல் போடுவோங்க."

"இன்னாது?"

"இந்த மண்ணு வாகு அப்படி. கத்திரியும் ஏறுமுங்க." தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். ஐந்து தலைமுறை விவசாயியின் வாயிலிருந்து அது வந்தது. காது இரண்டும் சிவந்திருந்தன.

ஏட்டு வேலிக்கு மேல் எட்டி அவர் நிலத்தைப் பார்த்தார். "அப்போ உன் நெலத்துல எங்க பந்தல்?"

"போடத்தான் மூங்கி வெட்டி வெச்சுக்கீறேன்."

"சரி. வியாழக்கிழமை இப்படித்தான் போவேன். பந்தல் இருக்கணும். அந்தப் பரண் இருக்கக்கூடாது." நோட்டோடு சைக்கிள் ஏறிப் போய்விட்டார்.

நன்றி சொல்வார் என்று நினைத்தேன். செக்கர் என் பக்கம் வந்து, "கேக்காமலே வந்து சாட்சி சொல்றான். இன்னா வேணுமாம் இவனுக்கு?" என்றார்.

ஆனால் மறுநாள் காலை பரணைப் பிரித்து, அந்த மூங்கிலையெல்லாம் தாமே தோளில் தூக்கிக்கொண்டு கன்னியப்பன் நிலத்துக்குப் போனார். போனவர் சும்மா இருந்தாரா? ஊரிலேயே பந்தல் கத்திரியில் அனுபவஸ்தர் அவர் ஒருவர்தானே. வரப்பில் நின்றுகொண்டு, "கால் சாயுது கன்னியப்பா. நாரை இன்னும் இறுக்கு," என்று மூன்று நாள் மேஸ்திரி வேலை பார்த்தார். அயனம்பாக்கத்திலிருந்து வந்த உறவுக்காரர்கள் வழியில் நின்று, இது என்ன என்று கேட்டார்கள். கன்னியப்பன், "பேசாம போங்க," என்றார்.

ஏட்டிடம் ஏன் அப்படிச் சாட்சி சொன்னார் என்று நான் கன்னியப்பனைத் தனியாகக் கேட்டேன். "அந்த ஆளு என்னத் திருடன்னுதான் சொன்னாரு," என்றார். "அதுக்காவ ஜெயிலுக்கு அனுப்புவாங்களா?"

வியாழக்கிழமை ஏட்டு வந்தார். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. இரண்டு பந்தலையும் பார்த்தார். இருமினாரா சிரித்தாரா தெரியவில்லை, தோள் குலுங்க மிதித்துக்கொண்டு போனார்.

செக்கருக்கு அதன்பின் ஒரே வேலை, அந்த மனுவை எழுதியது யார் என்று கண்டுபிடிப்பது. அதற்கு அவர் உதவிக்குப் பிடித்தது என்னை. "நீ எழுத்து வேலை பாக்கறவன். ஏட்டு சொன்னாரு, ஒரு தப்பு இல்லாம எழுதிக்கீறானாம். யாரா இருக்கும்?" தினம் மாலை என் அறையில் உட்கார்ந்து ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை ஒவ்வொருவராக ஆராய்வார். நானும் தலையை ஆட்டிக்கொண்டிருப்பேன்.

யுத்த பயம் தணிந்து அவர்கள் பட்டணம் திரும்ப மூட்டை கட்டிய அன்று என்னால் தாங்க முடியவில்லை. பந்தலடியில் கடைசிக் காய்களைப் பறித்துக்கொண்டிருந்தவரிடம் போய், "சார், அந்த மனுவை எழுதினது நான்தான்," என்றேன்.

செக்கர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். டிக்கெட்டை இரண்டு பக்கமும் பார்ப்பதுபோல, நிதானமாக.

"யாரைக் காப்பாத்தப் பாக்கறே?" என்றார்.

"யாரையும் இல்ல சார். நிஜமாவே நான்தான்."

"நான் கேக்கவே இல்லையே. நீயா வந்து சொல்றே. எவனோ உன்னைச் சொல்லச் சொல்லிக்கீறான்." காய்களை என் கைநிறையப் போட்டார். "நல்ல மனசு தம்பி உனக்கு. பட்டணத்துல உன்னை ஏமாத்திடுவானுங்க, ஜாக்கிரதையா இரு."

பிறகு இரண்டு மூன்று தடவை புதுப்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் காப்பி கொடுத்து, என்னை நம்ப மறுத்து அனுப்பினார். உலகத்தில் ஒருவராவது என்னை அவ்வளவு நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று, அதற்கப்புறம் காப்பிக்கு மட்டும் போய்வந்தேன்.