கைட்புக் அக்காவின் ஒத்திகை

இலங்கை மலையகத்தில் வெளிநாடு போய்வந்த ஆள் இல்லாத தோட்டத்து லயக் குடியிருப்பே கிடையாது. ஆனால் வெளிநாட்டைச் சுற்றிப் பார்ப்பதற்காகவே, தன் காசில், தன்னந்தனியாகப் போய்வந்த ஒரே பெண் எங்கள் கைட்புக் அக்காதான். இல்லை என்பவர்கள் ஹட்டனுக்கு வாருங்கள், அக்காவே பதில் சொல்லுவார்.

நான் மேனேஜராக இருந்த விடுதியில் அவருக்குத் துணி வெளுக்கிற வேலை. அதற்கு முன் ஒன்பது வருடம் குவைத்தில் வீட்டுவேலை. குவைத் எப்படியிருக்கும் என்று ஒருநாள் கேட்டேன்.

"சமையக்கட்டு பெருசு. பின்னால துணி காயப்போட ஒரு பால்கனி. நான் பாத்த குவைத்து அவ்வளவுதான் தம்பி" என்றார்.

வெள்ளைக்காரர்கள் அறையில் விட்டுப்போகும் ஷாம்புவுக்கும் செருப்புக்கும் மற்ற ஊழியர்கள் அடித்துக்கொள்வார்கள். அக்கா கைட்புக் எனும் பயண வழிகாட்டிப் புத்தகங்களை மட்டும் எடுப்பார். சலவை அறை அலுமாரியில் சவுக்காரத்துக்குப் பக்கத்தில் எட்டு நாடுகள் சேர்ந்தன. அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்து, கடைசியில் தாய்லாந்தைத் தேர்ந்தெடுத்தார். மூன்று வேளையும் சோறு கிடைக்கும் என்று போட்டிருந்ததாம்.

"வேலைக்கு அனுப்புறது எந்த ஏஜென்சி?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

"ஏஜென்சி இல்ல. சுத்திப் பாக்கப் போறேன்."

கேட்டவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். "ஏர்போட்லயே திருப்பி அனுப்பிருவாங்கக்கா" என்று என் பங்குக்கு ஒன்றைச் சொல்லியும் வைத்தேன். அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று. அவருடைய பயமும் அதேதான். தன்னைப் பார்த்தால் வேலைக்குப் போகிறவள் என்றுதானே எவரும் நினைப்பார்கள்?

அதற்காகத்தான் ஒத்திகை ஆரம்பமானது. பதினைந்து வருடமாகப் பயணிகளைக் கவனித்தவர் அல்லவா, அவர்களின் இலக்கணம் முழுவதும் அத்துப்படி. பையை முதுகில் போடாமல் நெஞ்சில் மாட்டினார். தண்ணீர்ப் போத்தலின் மூடியை மூன்று தரம் திருகிப் பார்த்தார். புத்தகத்தை விரித்தபடி பஜார் வீதியின் நட்டநடுவில் நின்று, பஸ் வராத பக்கத்தை உற்றுப் பார்த்தார். பொகவந்தலாவை பஸ் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனது.

பிறகு, பதினைந்து வருடமாகச் சாமான் வாங்குகிற, எல்லாரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் கடைக்குப் போய், ரயில்வே ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது என்று இங்கிலீஷில் கேட்டார்.

"என்ன தங்கச்சி, ஒடம்புக்கு ஏலாதா?" என்று நானா பதறினார்.

"பழகுறேன் நானா. என்னைத் தெரியாத மாதிரிச் சொல்லுங்க" என்று அக்கா கிசுகிசுத்தார்.

நானா வியாபாரி. தெரியாத ஆள் என்றதும் வாழைப்பழத்துக்கு வெள்ளைக்காரன் விலை சொல்லிவிட்டார். அக்கா அரைமணி நேரம் இங்கிலீஷிலேயே பேரம் பேசி, ஊர்க்காரர் விலைக்கும் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். அன்றைக்கே நானா ஒத்திகைக்குக் கடையில் தடை விதித்தார்.

பயணக் காப்புறுதி எடுக்க இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு நானும் துணைக்குப் போனேன். மேசையில் இருந்த பையன் அக்காவை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, கேட்காமலே 'வீட்டுப் பணிப்பெண்' என்று எழுதத் தொடங்கினான்.

"அந்தத் தாளைக் கிழிச்சிருங்க தம்பி. டூரிஸ்ட்டுன்னு எழுதுங்க."

அவன் கிழித்தான். வேறு தாள் எடுத்து நிபந்தனைகளை வாசித்தான். மலையேறினால் காப்புறுதி செல்லாது என்றதும் அக்கா குறுக்கிட்டார்.

"நான் வீட்டுக்குப் போறதே மலையேறித்தான். எனக்குச் சமதரையில நடந்துதான் பழக்கமில்ல. அதுல விழுந்தா உண்டா?"

"உண்டுங்க."

"பெட்டி தொலைஞ்சா?"

"உண்டுங்க."

"பாஸ்போட்ட வீட்டுக்காரம்மா அலுமாரில வச்சுப் பூட்டிட்டா?"

பையன் பேனாவை மூடினான். அக்கா ஒன்பது வருடத்தையும் அந்த ஒரு கேள்வியில் போட்டுவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. அதற்கு மேல் என்னால் சிரிக்க முடியவில்லை.

"அதுக்கு இல்லீங்க" என்றான் மெதுவாக.

"பரவால்ல. அத நானே பாத்துக்கிறேன்." அன்று மாலையே பாவாடையில் பாஸ்போர்ட் வைக்க உட்பை தைத்துவிட்டார்.

புறப்பட்டுப் பன்னிரண்டு நாள் கழித்து அக்கா விடுதிக்குத் திரும்பி வந்தார். கொல்லைக் கதவு வழியாக அல்ல, முன்வாசல் வழியாக. பை நெஞ்சில் இருந்தது.

"ஏர்போட்ல என்ன சொன்னாங்க?" என்று முந்திக்கொண்டு கேட்டேன்.

"பழைய பாஸ்போட்டுல குவைத்து சீலப் பாத்துட்டு, ஆபீசரு வேலைக்கான்னு சிங்களத்துல கேட்டாரு. புத்தகம், காப்புறுதி, திரும்பி வர்ற டிக்கெட்டு, எல்லாத்தையும் வரிசையா மேசையில அடுக்குனேன். யாரு கூட்டிட்டுப் போறாங்கன்னாரு. நானேதான் என்னைக் கூட்டிட்டுப் போறேன்னேன். சிரிச்சுக்கிட்டே சீல் குத்திட்டாரு."

பிறகு ஒரு படத்தைக் காட்டினார். பேங்கொக்கில் தங்கிய விடுதியின் விருந்தினர் ஏட்டைத் திறந்து பிடித்தபடி நிற்கிறார். எங்கள் விடுதி ஏட்டை வருடக்கணக்காகத் தூசி தட்டியவர், முதல் தடவையாக ஓர் ஏட்டில் எழுதியிருக்கிறார், தமிழிலேயே:

'ஊர்: இலங்கை, ஹட்டன். வந்த காரியம்: சுத்திப் பாக்க. கருத்து: படுக்கை விரிப்ப நல்லா அலசல, சவுக்காரம் நிக்குது. மத்தபடி நல்ல சனங்க.'

நான் அந்த விடுதியை விட்டு வந்து நாளாயிற்று. படம் மட்டும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் யாரென்று கேட்பார்கள். எங்க அக்கா, டூரிஸ்ட் என்று சொல்லுவேன்.