அகழியை மூடிய கெட்டிக்காரன்

கடல் தாண்டிப் போய் வேலை பார்த்தவர்களில் என்னைப் போல் சுறுசுறுப்பானவன் கிடையாது. இதை நானே சொல்லக் காரணம், வேறு யாரும் சொல்வதில்லை. அந்தச் சுறுசுறுப்புதான் ஒரு தடவை என்னை ஊருக்கே திருப்பி அனுப்பப் பார்த்தது.

எழுபதுகளில், பஹ்ரைனில் குழாய் பதிக்கிற கம்பெனியில் மண் அள்ளும் ஷவல் வண்டி ஓட்டினேன். (படிப்பு மூன்றாம் வகுப்பு, லைசென்ஸ் முதல் தடவையிலேயே.) எங்கள் சைட்டில் ஒரே சட்டம்: பள்ளத்தைத் திறந்துபோட்டுப் போகக் கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை ஓவர்டைம். கடலோரம் பழைய கோட்டைப் பக்கம் மணல் கொட்டிப் பாதை போட அனுப்பினார்கள். அங்கே மண்மேட்டைச் சுற்றி வளைந்து போகிறது ஒரு பெரிய பள்ளம். எவனோ சோம்பேறி குழாயைப் பதித்துவிட்டு மூடாமல் போயிருக்கிறான் என்று முடிவு செய்தேன்.

"அண்ணே, சுத்திக் கயிறு கட்டியிருக்கான். கேட்டுட்டுச் செய்வோம்," என்றான் லாரி ஓட்டிய செல்லப்பன்.

"கேட்டுக் கேட்டு வேலை செஞ்சா கடைசி வரைக்கும் லாரிதான் ஓட்டுவ. மணலக் கொட்டுப்பா."

கயிற்றை அவிழ்த்து அழகாகச் சுற்றிவைத்தேன். மதியத்துக்குள் முப்பது அடி மூடியாயிற்று.

மறுநாள் தொல்பொருள் ஆபீசர் யூசுப் வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். அவர் மணல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருஷம்," என்றார் ஹிந்தியில். "சின்னக் கரண்டியால தோண்டினோம் பாய்."

உள்ளே பல நூறு வருஷத்து ஊராம். அந்த ஊரைக் காக்க வெட்டிய அகழியாம். இனி அகழியை நாம் காக்க வேண்டுமாம்.

விசா கொடுத்த எங்கள் கஃபீல், "கலாஸ், முடிஞ்சுது," என்று சொல்லி எனக்கு ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டார்.

நேரே யூசுப்பிடம் போனேன். "மூடினவனுக்குத்தான் எங்க மூடினோம்னு தெரியும் பாய். அந்தக் கரண்டியைக் குடுங்க, நானே எடுக்கிறேன்." (அழுதேன் என்பான் செல்லப்பன். கண்ணில் மணல் விழுந்தது.) யூசுப் பேசியதில், எடுத்து முடிக்கும்வரை டிக்கெட் நின்றது.

பாதி எடுத்திருப்பேன், குளிர்கால மழை பிடித்துக்கொண்டது. திறந்து கிடந்த பக்கத்தில் அகழிச் சுவர் இரண்டு இடத்தில் சரிந்தது. என் மணல் இருந்த பக்கத்தில் ஒரு கல்கூட அசையவில்லை.

யூசுப் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். "தோண்டி முடிச்சா நாங்களும் மணல் போட்டுத்தான் மூடி வைப்போம். நீ கொஞ்சம் சீக்கிரம் மூடிட்ட," என்றார்.

டிக்கெட் ரத்து. அதற்கப்புறம் அந்த அகழியை மூடுவதென்றால் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

இப்போதும் எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கோ தென்னங்கன்றுக்கோ குழி வெட்டினால் என் மனைவி குரல் கொடுப்பாள்: "சுத்திக் கயிறு கட்டுங்கடா, அப்பா வர்றாரு."

மகள் விடமாட்டாள். "கயிறு கட்டி என்னம்மா? அன்னைக்கும் கட்டித்தான இருந்துச்சு."